படித்துறையில் மஞ்சள் புடவை

பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் படங்களை முதலில் ஃபோனில்தான் பார்த்தேன். வெளியில் உட்கார்ந்து, வெளிச்சம் மாறுவதற்குள் வரைய வேண்டும், நிழலுக்குக் கறுப்பைத் தொடக் கூடாது என்று அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். வார நாட்களில் புத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. நாளெல்லாம் கறுப்பு வெள்ளையைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை காவிரி வேண்டியிருந்தது.

அன்று ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறை ஓரமாக ஸ்டாண்டை விரித்திருந்தேன். ஆற்றில் தண்ணீர் நிறையப் போனது. படிகளின் நிழலில் ஊதா தெரிந்தது. கீழ்ப்படியில் மஞ்சள் புடவை கட்டிய ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். அந்த ஊதாவுக்குப் பக்கத்தில் மஞ்சள் அப்படிப் பொருந்தியது. சில தீற்றல்களில் அவரை வைத்துவிட்டு, தண்ணீரின் பளபளப்போடு மல்லுக்கட்டத் தொடங்கினேன்.

மேலிருந்து அவர் மருமகள் கூப்பிட்டாள். "அத்தை, வேன் கிளம்புது, வாங்க!"

"செத்த இரும்மா. அந்தப் பொண்ணு என்னை வரையுது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவ்வளவு நேரமும் எனக்காகத்தான் ஈரத் தலையோடு வெயிலில் அசையாமல் இருந்திருக்கிறார்.

"முடிஞ்சிடுச்சும்மா, எழுந்துக்கங்க" என்றேன்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். "நான் எங்க இருக்கேன்?"

தூரிகை நுனியால் காட்டினேன். குனிந்து பார்த்தார். "மூக்கு முழி ஒண்ணையும் காணோமே!"

"கிட்டப் பார்த்தா தெரியாதும்மா. கொஞ்சம் பின்னாடி போய்ப் பாருங்க."

நம்பிக்கையில்லாமல் நகர்ந்தார். முதலில் கண்டுகொண்டது மருமகள்தான். "அத்தை, நீங்க உக்கார்ற மாதிரியே இருக்கு. வலது காலை நீட்டிக்கிட்டு!"

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "புடவை என்னோடதுதான்" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா ஊர்ல காட்டினா யார் நம்புவா?"

பென்சிலில் முகம் வரைந்து தருகிறேன் என்பதற்குள் வேன்காரர் ஹாரன் அடித்தார். மருமகள் அத்தையைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு ஃபோட்டோ எடுத்தாள். "இப்ப முகமும் வந்துடுச்சு" என்று சிரித்தபடி அவர் கிளம்பினார்.

நான் திரும்பியபோது நிழல் சுருங்கி, ஊதா போயிருந்தது. படத்தில் தண்ணீர் பாதியிலேயே நின்றது. அப்படியே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

இப்போதெல்லாம் வரைவதற்கு முன்பே போய்ச் சொல்லிவிடுகிறேன்: "நீங்க பாட்டுக்கு இருங்க, அசைஞ்சாலும் பரவாயில்லை." சொன்ன உடனே தலையைக் கோதிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.