ஜீவமணி வைத்த ஜெபக்குறிப்பு

திருநெல்வேலிச் சீமை நாசரேத்துக்காரியான கிருபை, தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட். 1978இல் அவளுடைய இடது மார்பில் கட்டி வந்தது. மதுரையில் மார்பை எடுத்துவிட்டு, மாதாமாதம் ஊசி போட வேண்டும் என்றார்கள். அலுவலகத்தில் வயிற்று ஆபரேஷன் என்று சொல்லிவைத்தாள். கணவர் ஜெயசிங்கைத் தவிர உண்மை தெரிந்தவள் ஜீவமணி ஒருத்திதான். பள்ளி விடுதியில் இருவரும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள்.

முதல் ஊசி போட்டுத் திரும்பும்போது பஸ்ஸிலேயே வாந்தி. அடுத்த முறை பக்கத்துக் கட்டிலில் ஆத்தூர் பிச்சம்மாள் இருந்தாள். ஊசிக்குப் பழகியவள்.

"வயித்தக் காயப் போடாத தாயி. கஞ்சிய ஆறவச்சு மடக்கு மடக்காக் குடி. மீன் பொரிக்கிற பக்கம் போவாத. முடி கொட்டுததுக்கு முந்தி நீயே குட்டையா வெட்டிரு. கொத்துக் கொத்தா சீப்புல வந்தா மனசு விட்டுப்போவும்."

ஜெயசிங்தான் கத்தரி பிடித்தார். வாய்ப்புண்ணுக்கு உப்புநீர் கொப்பளித்தாள். காய்ச்சல் கண்டால் ஒரு நாள்கூடக் காத்திராமல் வரவேண்டும் என்று டாக்டர் சொன்னதை ஜெயசிங் மறக்கவேயில்லை.

உடம்பு சற்றுத் தேறியதும் கோயிலில் பெண்கள் கூட்டத்துக்குப் போனாள். முக்காடு போட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜீவமணி அவளைக் கவனிக்கவில்லை. யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக்குறிப்பு கேட்டபோது எழுந்து, கிருபைக்குப் புற்றுநோய், இடது மார்பை எடுத்தாயிற்று, முடியெல்லாம் போய்விட்டது என்று கண்ணீரோடு சொன்னாள். யாரோ ஒருத்தி பின்னால் திரும்பினாள். பிறகு எல்லோரும் திரும்பினார்கள். கிருபையின் கை தானாக முந்தானையை இழுத்துக்கொண்டது.

சாயந்திரம் ஜீவமணி வீட்டுக்கு வந்தாள். நாலு பேர் ஜெபித்தால் நல்லதுதானே என்றாள்.

"ஜெபத்துக்கு என் பேரு போதாதா, ஏளா? எந்தப் பக்கம்னு நீ சொல்லித்தான் ஆண்டவருக்குத் தெரியணுமா?"

ஜீவமணி அழுதாள். கிருபைக்கு அழுகை வரவில்லை.

செய்தி பரவியது. அலுவலகத்தில் அவளுடைய தம்ளரைத் தனியாக ஒதுக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரி கைக்குழந்தையை அவளிடம் தருவதை நிறுத்தினாள். இதையெல்லாம் அறியாமை என்று பொறுத்துக்கொண்டாள். ஜீவமணி செய்ததைப் பொறுக்க முடியவில்லை. குமட்டலோடு படுத்திருக்கும்போதெல்லாம், இத்தனை வருஷத்தில் அவளிடம் என்னென்ன சொல்லியிருக்கிறோம் என்று யோசித்தாள். மாமியாரைப் பற்றிச் சொன்னது, இறந்தே பிறந்த பிள்ளையைப் பற்றிச் சொன்னது. அவையெல்லாம் எந்தெந்த வீட்டுக்குப் போயினவோ.

ஊசிகள் முடிந்தன. முடி சுருட்டையாக முளைத்தது. விஷயம் ஊரறிந்ததால், கட்டி தட்டுப்பட்ட பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். பெரியதாழை இசபெல்லா தன் கட்டியைப் பல மாதம் மறைத்துவிட்டு வந்தவள். கிருபை தானே அவளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனாள். பஸ்ஸில் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள்: தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ஊசிக்குத் தனியாகப் போகக் கூடாது, களைப்பு வந்தால் வெட்கப்படாமல் படுத்துவிட வேண்டும்.

யாரிடமாவது சொல்லலாமா என்று இசபெல்லா கேட்டாள்.

"ஒருத்தர்ட்ட சொல்லு. உள்ளயே வச்சிருந்தா தாங்காது. ஆனா வெளிய சொல்லக் கூடாதுன்னும் வாய்விட்டுச் சொல்லிரு. என் சிநேகிதிக்குத் தெரியாதான்னு நான் விட்டுட்டேன்."

ஜீவமணி சொன்னதால்தானே இத்தனை பேருக்கு உதவ முடிகிறது என்று பாதிரியாரின் மனைவி ஐயரம்மா ஒருநாள் சொன்னார். கிருபை அதன் பிறகும் கிறிஸ்துமஸுக்கு ஜீவமணி வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவாள். தான் போவதில்லை.