தொட்டிலுக்கு மேல் ஒரு நீலத் தட்டு

குளச்சலில் கடலோரம் எங்கள் வீடு. சீமைக்குத் திரும்பும் துரைமார் விற்றுப்போகும் பூப்போட்ட பீங்கான் தட்டுகளைச் சேர்ப்பது என் பழக்கம். பாலமும் மரமும் நீலத்தில் தீட்டிய பெரிய தட்டு ஒன்றை, பிள்ளையின் தொட்டிலுக்கு நேர் மேலே சுவரில் மாட்டினேன். உப்புக்காற்றில் இரும்பு நிற்காது. இங்கே கட்டுமரத்தைக்கூடக் கயிற்றால்தான் கட்டுவார்கள். அது தெரிந்தும், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஆணி அடித்தேன்.

ஐப்பசியில் ஒரு காலை, துருப்பிடித்த ஆணி முறிந்து, தட்டு தொட்டிலுக்குள் விழுந்து உடைந்தது. ஓடிப்போய்ச் சில்லுகளைப் பொறுக்கித் தரையில் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிப்பாட்டிய பிள்ளையை இடுப்பில் வைத்தபடி மனைவி வாசலில் நின்றாள்.

"தொட்டில்ல புள்ள கெடக்கானான்னு பாத்தியளா?" என்று கேட்டாள்.

மற்றத் தட்டுகளைப் பெட்டியில் போட்டுத் தரையில் வைத்துவிட்டேன். இப்போது வீட்டில் எது விழுந்தாலும், முதலில் தொட்டில் தொங்கிய இடத்தைத்தான் பார்க்கிறேன். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான்.