குளிர் போகாத கிரீம்

பெரம்பலூரில் நான் வேலை பார்த்த பேக்கரியில் யாராவது என் பெயரைக் கேட்டால் முதலாளியம்மாதான் பதில் சொல்வார். ஊர், வயது, படிப்பு என்று எதைக் கேட்டாலும் அப்படித்தான். "அஞ்சாவதுதான் படிச்சிருக்காரு. ஆனா கேக்கு மேல பேரு எழுதுனா அச்சடிச்ச மாதிரி இருக்கும்" என்பார் கல்லாவில் உட்கார்ந்தபடியே. உள்ளே கிரீம் அடித்துக்கொண்டிருக்கும் நான் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொள்வேன். முதலாளி வெளி வேலைகளுக்கு அலைவார். கடை அம்மாவின் கையில்தான் இருந்தது, அவர் பேச்சில்தான் ஓடியது. எனக்காக அவர் பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு ஆளின் ஆயுசுப் பேச்சு வரும். ஆனால் நான் அவரை நன்றியோடு நினைக்கும்போதெல்லாம் முன்னால் வந்து நிற்பது, அவர் வாயைத் திறக்காமல் இருந்த ஒரு காலை நேரம்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு முப்பது தாண்டியிருந்தது. தாய் தகப்பன் இல்லாததால் பெண் பார்க்கவும் முதலாளியம்மாவே கூட்டிப்போனார். குன்னம் பக்கத்தில் ஒரு ஊர், பருத்தியும் வெங்காயமும் போடும் குடும்பம். பெண் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். பெண்ணின் அண்ணன் கேட்டதற்கெல்லாம் முதலாளியம்மாவே பதில் சொன்னார். நான் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் தரகர் கடைக்கு வந்து, "மாப்பிள்ளைக்கு வாயில ஏதும் கொறையான்னு கேக்குறாங்கம்மா. வேண்டாம்னுதான் நெனக்கிறாங்க" என்றார்.

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலாளியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரகரிடம் சொன்னார்: "அண்ணன் மவனுக்குப் பொறந்த நாளு வருதுன்னாங்கல்ல, கேக்கு நம்ம கடையில போடச் சொல்லுங்க. பொண்ணையும் கூட்டிட்டு வந்து ஒரு தடவ பாத்துட்டு முடிவு சொல்லட்டும்."

கேக் வேலை அதிகமுள்ள நாட்களுக்கு முந்தின நாளே வெண்ணெய் கிரீமை அடித்து வைத்துவிடுவது எங்கள் வழக்கம். வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் மட்டும். முன்கூட்டிச் செய்யும் கிரீமில் பால் ஊற்ற மாட்டோம், ஊற்றினால் சீக்கிரம் புளித்துவிடும். ஈரமில்லாத பாத்திரத்தில் போட்டு, ஆடை கட்டாமல் இருக்கக் கிரீமின் மேலேயே படியும்படி பிளாஸ்டிக் தாளை ஒட்டி, இறுக்கி மூடிக் குளிர்ப்பெட்டியில் வைப்போம். அந்தப் பெட்டியில் வேறு எதையும் வைக்க விடமாட்டேன். ஒருமுறை யாரோ உரித்த சின்ன வெங்காயத்தை உள்ளே வைத்துவிட்டுப் போக, ஒரு பாத்திரம் கிரீம் முழுக்க அந்த வாடையை வாங்கிக்கொண்டது. இன்று அரியலூரில் எனக்கென்று ஒரு சிறு கடை இருக்கிறது. பெட்டி பெரிதாகிவிட்டது, கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடுகிறது. கிரீம் வைக்கும் முறை மட்டும் மாறவில்லை.

பிறந்த நாளன்று மதியம் வருவதாகச் சொன்னவர்கள் காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். பெண்ணும் அவள் அண்ணியும். பேரு எழுதுவதைப் பார்க்க வேண்டும் என்று அண்ணி நேராக என் மேசைக்கே வந்துவிட்டார். நான் அப்போதுதான் கிரீமைப் பெட்டியிலிருந்து எடுத்திருந்தேன்.

"இது எப்பப் பண்ணுனது?" என்றார் அண்ணி.

வழக்கம்போல் முதலாளியம்மாவைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

"நேத்து" என்றேன். அந்தக் குடும்பத்திடம் நான் பேசிய முதல் வார்த்தை.

"நல்லாருக்கே கதை! புள்ள பொறந்த நாளுக்கு நேத்து மிஞ்சுனதா?"

பதற்றத்தில், கிரீம் இளகும்வரை பொறுக்காமல் அடிக்க ஆரம்பித்தேன். அவர்கள் கண் முன்னாலேயே அது மணி மணியாகப் பிரிந்து தண்ணீர் விட்டது. "திரிஞ்சே போச்சு! நான் சொல்லல?" என்று அண்ணி பெண்ணைப் பார்த்தார். கல்யாணமும் கேக்கும் அந்தப் பாத்திரத்துக்குள்ளேயே முடிந்ததாக நினைத்தேன். மறுபடி முதலாளியம்மாவைப் பார்த்தேன். அவருக்குக் காரணம் தெரியும். உதடு துடித்தது. ஆனாலும் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கெடலங்க" என்றேன். "குளிர் போவறதுக்குள்ள அடிச்சிட்டேன். அதான்."

அதற்குப் பிறகு எப்படிப் பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. பாத்திரத்தை வெந்நீரின் மேல் கொஞ்சம் காட்டி எடுத்து, அடித்துக்கொண்டே பேசினேன். மிஞ்சியது வேறு, எடுத்து வைத்தது வேறு என்றேன். பால் சேர்க்காததைச் சொன்னேன். மூடியிருந்தால் பெட்டியில் சில நாள் தாங்கும், புளித்த வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுவேன், பழையதைப் புதியதோடு கலக்க மாட்டேன் என்றெல்லாம் சொன்னேன். வெங்காயக் கதையும் வந்துவிட்டது. பெண் சிரித்துவிட்டாள். சொல்லி முடிப்பதற்குள் கிரீம் சேர்ந்து, வெள்ளையாகப் பொங்கி நின்றது.

"வாயே இல்லன்னாங்க. இப்ப மூட மாட்டேங்குறாரே!" என்றார் அண்ணி.

பெண் கிரீமைப் பார்த்தபடியே கேட்டாள். "அவசரப்படுத்துனா பிரிஞ்சிடுமாங்க?"

"ஆமாங்க. கொஞ்ச நேரம் வெளிய இருந்தா தானா எளகிடும்."

அவள் அண்ணி பக்கம் திரும்பினாள். "இருந்துதான் பாப்போமே அண்ணி. அடுத்த பஸ்ல போவலாம்."

ஒரு பஸ் போக விட்டு, நான் பேரு எழுதி முடித்த கேக்கோடு அடுத்த பஸ்ஸில் போனார்கள். போகும்வரை முதலாளியம்மா "வாங்க", "போயிட்டு வாங்க" தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லதா கெட்டதா என்று அன்று முழுவதும் என்னிடமும் சொல்லவில்லை. அவ்வளவு பேசும் மனுஷி அன்று எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்பது இப்போது புரிகிறது. என் சார்பில் அவர் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருந்தால், அது அவர் பேச்சாகவே போயிருக்கும்.

பிறந்த நாளுக்கு மறுநாள் காலையில் பெண்ணின் அண்ணன் கடைக்கு வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு முதலாளியம்மாவுக்கு வணக்கம் வைத்தவர், அவரைத் தாண்டி என்னிடம் வந்து நின்றார்.

"கேக்கு கொஞ்சம் மிச்சம் இருக்கு. எங்க வூட்ல ஃப்ரிட்ஜ் இல்ல. எத்தினி நாளு தாங்கும்னு தங்கச்சி ஒங்ககிட்டயே கேட்டுட்டு வரச் சொல்லுச்சு."

"இந்த வெயில்ல வைக்காதீங்க. இன்னிக்கே சாப்ட்டு முடிச்சிருங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருப்பேன். "வேற ஏதும் கேக்கணும்னா, நானே நேர்ல வந்து சொல்றேன்னு சொல்லுங்க" என்பதும் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் சிரித்தார். "அப்ப வெள்ளிக்கெழம வாங்க மாப்ள."

கல்லாப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. முதலாளியம்மா எழுந்து நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஏய்யா, இப்ப நான் பேசலாமா?" என்றார்.