இடது கை மட்டும் மேலே போனது

அன்பியக் கூட்டத்துக்கு வந்திருக்கும் சொந்தங்களே, நான் பள்ளத்தூர் ஆரோக்கியமேரி. போன வருடம் தவக்காலத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை, கோவிலில் சிலுவைப்பாதை முடிந்து வீட்டுக்குள் காலெடுத்து வைத்தேன். என் வீட்டுக்காரர் மம்பட்டிக் காம்போடு நின்றார். நான் வர நேரமாகிவிட்டதாம். முதல் அடி முதுகில். அடுத்த அடி வலது தோளில். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்த பிறகும் மிதித்தார். மகள் ஜெனி என் மேல் குறுக்கே விழுந்ததால்தான் உயிரோடு இருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கேட்டபோது, கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்றேன். அவர்தான் பக்கத்திலேயே நின்றாரே. குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறதாம். ஒரு கை போன பிறகும் அதை நான்தான் சுமக்க வேண்டியிருந்தது.

எலும்பு கூடிவிட்டது. கை வரவில்லை. தோள் நரம்பு நசுங்கிப்போய்விட்டது. காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையில் பதினொரு வருடம் தேன்குழல் பிழிந்தவள் நான். அந்த வேலை போயிற்று. குடித்துவிட்டு வந்தால் அவர் உடைந்த தோளாகப் பார்த்துத்தான் அடிப்பார். ஜெனியைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டை விட்டு ஓட வேண்டும். ஓடினால் வாடகைக்கும் சோற்றுக்கும் என்ன செய்வது? மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டேன்.

இங்கேதான் என் வாய் என்னைக் கெடுத்தது. பரிசோதித்த டாக்டர், "கை எப்படிம்மா இருக்கு?" என்றார். யார் நலம் விசாரித்தாலும் நாமெல்லாம் சொல்கிற பதில்தானே எனக்கும் வரும். "ஆண்டவர் புண்ணியத்துல நல்லா இருக்குங்கய்யா" என்றேன். அவர் என்ன செய்வார் பாவம், அப்படியே எழுதிக்கொண்டார். விண்ணப்பம் தள்ளுபடி. மறுபரிசீலனை செய்யச் சொல்லி மனுப் போட்டேன். யாரும் என்னைக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. கை நன்றாக இருப்பதாக நானே சொல்லியிருக்கிறேன் என்று அதே பதிலைத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்தக் கடிதம் வந்த அன்று எலி மருந்துப் பொட்டலத்தைப் பிரித்தேன். அவருடைய சோற்றில் கலக்கத்தான். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? ஜெனி பார்த்துவிட்டாள். "அம்மா, நீ செயிலுக்குப் போயிட்டா நான் யாருகூட இருக்குறது?" என்றாள். பொட்டலத்தை அப்படியே கக்கூஸில் கொட்டினேன். மாதா படத்துக்கு முன்னால் முட்டி போட்டு அழுதேன். ஜெபம் இல்லை அது, சண்டை. "ஆண்டவரே, என் வாய் எனக்கு உதவாது. அவுக கண்ணால பாக்கணும். நீரே காட்டும்" என்றேன். தினமும் இதே வார்த்தைதான். மேல்முறையீட்டு மனுவை ஜெனி எழுதினாள். நான் இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு உருட்டினேன்.

விசாரணைக்குச் சிவகங்கைக்கு வரச் சொன்னார்கள். அவரும் கூடவே கிளம்பினார். பஸ்ஸில் என் காதோடு சொன்னார்: "வழுக்கி விழுந்தேன்னு சொல்லு. வேற எதாச்சும் வாயத் தொறந்தே, மத்தக் கையும் இருக்காது."

அறையில் ஒரு அதிகாரியும் இரண்டு டாக்டர்களும் இருந்தார்கள். என் வீட்டுக்காரரும் பின்னாலேயே வந்து நின்றார். கையைத் தூக்கச் சொன்னார்கள். வரவில்லை. பெரிய டாக்டர் பழைய தாளைத் தட்டிக் காட்டினார். "நல்லா இருக்குன்னு நீங்கதானேம்மா சொல்லியிருக்கீங்க? இப்ப வேணும்னே தூக்காம இருந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். இன்னொருவர் பெண் டாக்டர். "முதல்ல எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று கேட்டார்.

வழுக்கி என்று ஆரம்பித்துவிட்டேன். அதற்கு மேல் அந்தப் பொய்யைச் சொல்ல மனசு வரவில்லை. "நான் விழுகலம்மா. இந்தா நிக்கிறாகளே, இவுகதான் மம்பட்டிக் காம்பால அடிச்சாக" என்றேன்.

அவருக்கு இடம் தெரியவில்லை, ஆள் தெரியவில்லை. பாய்ந்து வந்து என் வாயிலேயே குத்தினார். மறுபடியும் ஓங்கினார். அடி வருகிறது என்றால் யாருக்கும் இரண்டு கையும் தன்னால் முகத்துக்குப் போகும். எனக்கு இடது கை மட்டும் மேலே போனது. வலது கை மடியில் கிடந்தது. அந்தப் பக்கமாகவே அடுத்த குத்து விழுந்தது. பல் ஒன்று தெறித்து மேசையில் விழுந்தது. என் மனுவெல்லாம் ரத்தம்.

வெளியே நின்ற போலீஸ்காரர் ஓடிவந்து அவரை அமுக்கிப் பிடித்தார். பெரிய டாக்டர் அவரைப் பார்க்கவில்லை, என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கையைத் தூக்கவே இல்லையே" என்றார்.

"அதத்தாங்கய்யா நானும் சொல்லுறேன்" என்றேன், ரத்தத்தைத் துப்பிவிட்டு.

நரம்புப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதிலும் கை செத்திருப்பது தெரிந்தது. என் மேல்முறையீட்டை ஏற்று ஆணை வந்தது. அவர் மேல் வழக்கு நடக்கிறது. நானும் ஜெனியும் அமராவதிபுதூரில் ஒற்றை அறையில் இருக்கிறோம். இடது கையால் முறுக்குச் சுற்றிப் பழகுகிறேன். அது முறுக்கா ஜாங்கிரியா என்று ஜெனி கேட்கிறாள். ஒருவருக்கும் பயப்படாமல் சாப்பிட்டுத் தூங்குகிறோம்.

ஆண்டவர்தான் அவரை அடிக்க வைத்தார் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. அடித்தது என் புருஷன். பார்க்க வேண்டியவர்களைப் பார்க்க வைத்தவர் ஆண்டவர். அதற்குத்தான் நன்றி சொல்கிறேன், சாகிற வரை சொல்வேன்.

போன மாதம் பூசையில் இடது கையால் சிலுவை போட்டேன். பக்கத்திலிருந்த அக்கா, "சோத்துக் கையால போடும்மா" என்று கடிந்துகொண்டார். "அந்தக் கை வராதுக்கா, எங்க வீட்டுக்காரரு ஒடச்சுட்டாரு" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. முன் வரிசையில் ஒரு தங்கச்சி திரும்பிப் பார்த்தாள். பூசை முடிந்ததும் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, போலீஸ் ஸ்டேஷனுக்கு என்கூட வாரீகளா?" என்றாள். அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். போய்வந்தோம்.

எனக்குச் செய்த ஆண்டவர் உங்களுக்கும் செய்வார். நம்புங்கள், ஜெபம் பண்ணுங்கள். பண்ணிவிட்டு என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பஸ்ஸில் பக்கத்தில் இடம் போட்டு வைக்கிறேன்.