ஃபேனுக்குக் கீழே ஒரு சவுக்கு மரம்

அண்ணி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் வழிவிடாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. போனில் என் கணவர் இரண்டே வார்த்தைதான் சொன்னார். யாரோ எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்து அழுதேன். அழும்போதே, முந்தின நாள் ஆஸ்பத்திரியில் அண்ணி கடைசியாகச் சொன்னது ஞாபகம் வந்து சிரிப்பும் வந்து தொலைத்தது. "டிசம்பர் வந்துடுச்சு. மரம் பாத்து வை. ஃபேனை மறந்துடாத."

ரெஜினா மேரி என் கணவருக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் கள்ளக்குறிச்சியில் எங்களோடேயே இருந்தார். தையல்காரர். இதைப் படிக்கும் நம் ஊர்ப் பெண்களில் பலர் அவர் தைத்த ரவிக்கையைப் போட்டிருப்பீர்கள், "போன தடவைக்கு இப்ப ரெண்டு சுத்து ஜாஸ்தி" என்று அவர் வாயால் கேட்டும் இருப்பீர்கள். ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். டேப்பை எடுப்பதெல்லாம் நம் திருப்திக்காகத்தான்.

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருடையது. டிசம்பர் பாதியில் மணலூர்பேட்டைப் பக்கம் ஏழுமலை என்பவரின் சவுக்குத் தோப்புக்குப் போவோம். ஒவ்வொரு மரத்தையும் சுற்றிச் சுற்றி வருவார். மணப்பெண்ணுக்கு அளவெடுக்கும்போதுகூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார். ஒரு பக்கம் கிளை கம்மியாக இருக்கிறதே என்று நான் முனகினால், "முதுகு நல்லா இருக்கிற மரம் உலகத்துல கிடையாது. செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சா எல்லாமே அழகுதான்" என்பார்.

கல்யாணமாகி மூன்றாவது வருஷம் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த வீட்டில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கக்கூட எனக்கு உரிமை இல்லையா என்று கணவரிடம் சண்டை போட்டேன். அண்ணி காதிலும் விழட்டும் என்று சத்தமாகவே போட்டேன். மறுநாள் அவர் தோப்புக்குக் கிளம்பாமல் மிஷினில் உட்கார்ந்துவிட்டார். நானே தோப்புக்குப் போய், இருந்ததிலேயே உயரமான மரத்தைக் கொண்டுவந்தேன்.

மணல் வாளியில் அதைக் கூடத்து நடுவில் நட்டபோது கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நுனியில் நட்சத்திரமும் கட்டியாயிற்று. தலைக்கு மேல் ஃபேன் என்று ஒன்று இருப்பது யாருக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் ஃபாதரும் பாட்டுக்குழுவும் வந்தார்கள். தட்டில் கேக், கையில் டீ. இரண்டாவது பாட்டின் நடுவில் கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. நட்சத்திரம் பறந்துபோய் ஃபாதர் மடியில் விழுந்தது. சவுக்கு இழை கேக்கில், டீயில், ஆர்மோனியத்தில், எல்லார் தலையிலும். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

யார் வாங்கிய மரம் என்று யாரோ கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் அண்ணி சொன்னார்: "நான்தாங்க எடுத்தேன். கண்ணளவு தப்பிப்போச்சு."

அங்கே நின்ற பெண்களில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் துணி கொடுப்பவர்கள். தையல்காரி தன் வாயால் சொல்லக்கூடிய வார்த்தையா அது? எனக்காகச் சொன்னார். பிறகு இருபது வருஷம் வீட்டுக்குள் என்னை விடாமல் கேலி செய்தார், அது வேறு விஷயம். வெளியில் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை.

அன்று விருந்தாளிகள் போனதும் என்னை ஃபேனுக்குக் கீழே இழுத்துவந்து கையைத் தூக்கச் சொன்னார். தானும் பக்கத்தில் நின்று தூக்கினார். அவருடைய விரல் நுனி என் விரல்களின் அடிக்கணுவரைதான் வந்தது. அதற்கு மேல் நட்சத்திரத்துக்கு இடம் விட்டால் ஃபேன் தாராளமாகச் சுற்றும். "இனிமே என் கை ஒசரம்தான் மரம்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். நானும் அதன்பின் தேர்ந்தெடுக்கப் போகவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவதோடு சரி.

ஒரு வருஷம், சவுக்கு அலுத்துவிட்டது, மலை மரம் வேண்டும் என்று என் கணவர் கிளம்பினார். கரியாலூரில் தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில் சில்வர் ஓக் கிடைத்தது. அங்கேயும் அண்ணி கையைத் தூக்கி அளந்த பிறகுதான் வெட்ட விட்டார். மலை இறங்கும்போது பஸ்ஸில் கண்டக்டர் மரத்துக்கு முழு டிக்கெட் கேட்டார். அண்ணி மறுக்கவே இல்லை. "குடு தம்பி. டிக்கெட்டுன்னா சீட்டும் உண்டு இல்ல? அது உக்காரட்டும், நான் நின்னுக்கினு வரேன்" என்று தன் இடத்தில் மரத்தைச் சாய்த்துவிட்டு எழுந்து நின்றார். பஸ்ஸே சிரித்தது. கச்சிராயபாளையம் வரை மரம் ஜன்னலோரத்தில் காற்று வாங்கிக்கொண்டு வந்தது.

இந்த வருஷம் மரம் வேண்டாம் என்றார் என் கணவர். துக்க வீட்டில் எப்படி என்பது அவர் கேள்வி. நியாயம்தான். ஆனால் அண்ணி உத்தரவை எனக்கல்லவா போட்டுவிட்டுப் போயிருக்கிறார்? இருபது வருஷம் கழித்து மரம் எடுக்கும் உரிமையை என்னிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார். மறுபடி தப்பினால் பழியைத் தாங்க ஆள் இல்லையே என்ற பயத்தோடுதான் தோப்புக்குப் போனேன்.

ஏழுமலை, "அந்தம்மா வர்லீங்களா?" என்று கேட்டார். சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தார். பிறகு என்ன உயரம் வேண்டும் என்று கேட்டார்.

ஒரு மரத்தின் பக்கத்தில் போய்க் கையைத் தூக்கினேன். அடுத்த நொடியே அண்ணியோடு ஃபேனுக்குக் கீழே நின்றது ஞாபகம் வந்தது. விரல்களை மடக்கிக்கொண்டேன்.

ஏழுமலை அண்ணாந்து பார்த்தார். "அந்தம்மா ஒசரம்" என்றார். வெட்டினார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அண்ணியின் மிஷின் அவர் தங்கை மகளுக்குப் போயிற்று. கத்தரிக்கோலும் அவளிடம்தான். எனக்கு அந்த உயரம் போதும், கையைத் தூக்கி விரலை மடக்கினால் எப்போதும் கிடைக்கும்.

மரம் கூடத்தில் நிற்கிறது. முதுகு சுவரைப் பார்த்து இருக்கிறது. ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அண்ணி, இதுவரை ஓர் இழைகூட விழவில்லை.