அண்ணன் கடைசியாகப் போன இருபது கிலோமீட்டரும் ஒரு தப்பான பிளக்கும்

சென்ற தை மாதம், ஒரு புதன்கிழமை. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலம் போனேன். சுமார் இருபது கிலோமீட்டர். காரணம் என் அண்ணன். விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்த்தவர். தினமும் தன் பழைய மோட்டார் சைக்கிளில், இதே ரோட்டில் போய் வந்தவர். தன் அஸ்தியை மணிமுத்தாற்றில்தான் கரைக்க வேண்டும், அதுவும் தன் வண்டியிலேயே கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். பிள்ளை இல்லாததால் பொறுப்பு எனக்கு. பின்னால் அண்ணி, அவர் மடியில் மண் கலயம்.

பன்னிரண்டுக்கு ராகு காலம். அதற்குள் கரைத்துவிட வேண்டும் என்று ஆற்றங்கரை ஐயர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அண்ணனின் கடைசிப் பயணம் ராஜ பயணமாக இருக்க வேண்டாமா? முதல் நாளே பழைய ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, எழுநூறு ரூபாய்க்குப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். பிளக்கின் வெள்ளை உடம்பும் பீங்கான்தானே என்று, பீங்கான் ஊர்க்காரர்கள் கப்பு வாங்கும் முறைப்படி, கடையில் இருந்த பிளக்கை எல்லாம் நகத்தால் சுண்டிப் பார்த்து, கோயில் மணி போலக் கேட்டதைத் தேர்ந்தெடுத்தேன். ரேஸ் வண்டிக்கானது என்று கடைக்காரர் சொன்னதும் என் மார்பு மூன்று அங்குலம் விரிந்தது.

ஒன்பதரைக்குக் கிளம்பினோம்.

"மெதுவா போங்க தம்பி. அவரு அலுங்கக் கூடாது" என்றார் அண்ணி.

போனேன். உலகத்தில் எந்தச் சக்கரவர்த்தியின் தேரும் அவ்வளவு மெதுவாக உருண்டிருக்காது. ஓணான் ஒன்று எங்களை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்தது. பாதி தூரத்தில் வண்டி இருமியது, திக்கியது, கரும்புக் காட்டோரம் நின்றே விட்டது. உதைத்தேன், உதைத்தேன், பூமி ஒரு சாண் தெற்கே நகரும் வரை உதைத்தேன். வண்டி அசையவில்லை. மணி பதினொன்றை நெருங்கியது. பஸ்ஸும் கண்ணில் படவில்லை.

பிளக்கைக் கழற்றினேன். முனை முழுக்க ஈரக் கரி.

அண்ணி எட்டிப் பார்த்தார். "இத எப்படிப் பாத்து வாங்கினீங்க?"

"சுண்டிப் பாத்துதான் அண்ணி."

"டீ கப்பா தம்பி இது? சூளைல சூடு பத்தலன்னா கரி புடிக்கும், மிஞ்சினா வெடிச்சிடும்னு உங்க அண்ணன் சோத்துல கை வெச்சாலும் இதத்தான் சொல்லுவாரு. பிளக்கும் அப்படித்தானாம். ரேஸ் வண்டியோடதுன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க, நம்ம நடைக்கு எங்க சூடாவும்?"

கலயத்தை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மஞ்சள் பைக்குள் மறு கையை விட்டார். முதல் நாள் நான் எறிந்த பழைய பிளக் வெளியே வந்தது. முனை வெளிர் காப்பி நிறத்தில் இருந்தது.

"அவரு தொட்டத எப்படி வுட்டுட்டு வரது?" என்றார்.

மாட்டினேன். இரண்டாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. அண்ணனே சாவியைத் திருப்பியது போல இருந்தது. இதில் மிகை இல்லை.

பதினொன்றே முக்காலுக்கு ஆற்றில் இறங்கினோம். முழங்கால் அளவுத் தண்ணீர். நான் கலயத்தைச் சாய்க்க, அண்ணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சாம்பல் போவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

இந்த வழியில் பழைய வண்டியோடு வருகிறவர்களுக்கு: பிளக்கைச் சுண்டாதீர்கள். கழற்றிய பிளக்கில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள், திருகும் மரையின் நீளம் மாறினால் இன்ஜினுக்கே ஆபத்து. முனை வெளிர் பழுப்பாக இருந்தால் பொருத்தமானது. கரி என்றால் சூடு போதவில்லை, வெளுத்துக் கொப்பளித்திருந்தால் சூடு அதிகம். முதலில் கையால் திருகிவிட்டுப் பிறகு ஸ்பேனர் போடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் பழைய பிளக்கை எறியாதீர்கள்.

திரும்பும்போதும் பழக்கத்தில் மெதுவாகவேதான் ஓட்டி வந்தேன். சூளைகளைத் தாண்டியதும் அண்ணி என் தோளைத் தொட்டார்.

"வேகமாவே போங்க தம்பி. மடியிலதான் ஒண்ணும் இல்லியே."