பெரியப்பா கொடுத்த பட்டுச் சேலைகள்

பிளாஸ்டிக் கிறிஸ்மஸ் மரத்தின் அடியில் பதினாலு பரிசுப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. சிவப்புத் தாளும் பச்சைத் தாளும் சுற்றி, வெள்ளி நிற ரிப்பன் கட்டி, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கேமரா ஸ்டாண்டை வைக்க இடம் போதாமல் ஒரு பெரிய பெட்டியை நகர்த்தக் குனிந்தேன். கனக்கும் என்று நினைத்து இரண்டு கையாலும் தூக்கியதில் அது என் மோவாயில் வந்து முட்டியது. உள்ளே ஒன்றுமில்லை. அடுத்ததைத் தூக்கினேன். அதுவும் காலி. பெரியப்பா கண்ணாடி முன்னால் நின்று ஜிப்பாவின் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "எல்லாம் ஷோவுக்குத்தாம்லே. ரெண்டு பெட்டியிலதான் சாமான் இருக்கு. அத முன்னால வை." அன்று கிறிஸ்மஸ்கூட இல்லை. டிசம்பர் இரண்டாவது வாரம். இருபத்தைந்தாம் தேதி காலையில் உலகம் பார்க்கப்போகிற கிறிஸ்மஸை அன்றைக்கே எடுத்து முடித்துவிட வேண்டும் என்று என்னை வரச் சொல்லியிருந்தார்.

அவர் என் அப்பாவின் அண்ணன். தென்காசியில் ஓர் அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குற்றாலம் போகிற சாலையில் மாடி வைத்த வீடு. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கிறிஸ்மஸ் அன்று மத்தியானம் அவர் வீட்டுக்குப் போவோம். வரிசையாக நிற்கவைத்து, தலையில் கைவைத்து நீளமாக ஜெபம் பண்ணி, ஆளுக்கொரு வசனக் காலண்டர் கொடுப்பார். அன்று காலையில் வேதக்கோயில் வாசலில் எல்லாருக்கும் சும்மா கொடுத்த அதே காலண்டர். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கும். "அண்ணன் தாரான்னா வாங்கிக்கோ, பேசாத" என்று அப்பா எங்கள் காதோரம் சொல்லிவைத்திருப்பார். வாங்கிக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்லுவோம். சத்தம் போதவில்லை என்றால் இன்னொரு தடவை சொல்லவைப்பார்.

கொரோனா காலத்தில் கோயில்கள் பூட்டிக் கிடந்தபோது, வீட்டில் நடக்கும் குடும்ப ஜெபத்தை போனில் படமெடுத்து இணையத்தில் போட ஆரம்பித்தார். அது அவரே எதிர்பார்க்காத அளவுக்கு ஓடியது. வளைகுடாவில் வீட்டு வேலைக்குப் போன பெண்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், பிள்ளைகள் கைவிட்ட தாய்மார்கள் என்று யார் யாரோ எழுதினார்கள். நோய் தணிந்து கோயில் கதவுகள் திறந்த பிறகும் பெரியப்பா சேனலை மூடவில்லை. ஒரு கிறிஸ்தவக் குடும்பம் எப்படி இருக்க வேண்டும் என்று தங்கள் வீட்டைப் பார்த்து ஜனங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பார். கேமரா ஓடினால் "அன்பானவர்களே" என்று பிரசங்கத் தமிழ் வரும். நின்றால் "அந்த லைட்ட இங்கன திருப்புலே" என்பார். இந்த இரண்டு குரலுக்கும் நடுவில் அவருக்கு மூச்சு வாங்கக்கூட நேரம் தேவைப்பட்டதில்லை.

எனக்குத் தென்காசியில் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோ. அதனால் அழைப்பு எனக்கு வந்தது. கூலியை ஒழுங்காகக் கொடுத்தார். அதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று வருஷம் வாங்கிக்கொண்டேன்.

முதல் வருஷம் படமெடுத்த அன்று சாலையில் ஐயப்ப சாமிமார் பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சபரிமலைக்குப் போகிற வழியில் அருவியில் குளிக்க இறங்கும் கூட்டம். பெரியப்பா ஆசீர்வாதம் என்று வாயெடுக்கும்போதெல்லாம் சரண கோஷம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. நாலு தடவை நிறுத்தி ஆரம்பித்தோம். மதுரையிலிருந்து அக்காவையும் (பெரியப்பாவின் ஒரே மகள்) அவளுடைய நாலு வயசு மகளையும் இதற்காகவே வரவழைத்திருந்தார். குழந்தைக்குக் கொடுத்த பெட்டியில் பொம்மை இருந்தது. அவள் தாளைக் கிழித்துப் பார்த்துவிட்டு, "இது என் பொம்மைதான தாத்தா?" என்று கேட்டாள். அவளுடைய பையிலிருந்து காலையில் எடுத்து வைத்துச் சுற்றியிருக்கிறார். திரும்பவும் சுற்றினோம். சந்தோஷமாகச் சிரித்து ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவள் சிரித்தாள், ஆனால் ஸ்தோத்திரம் சொல்ல மறந்தாள். அடுத்த தடவை சொன்னாள், சிரிக்கவில்லை. ஐந்தாம் தடவை அழுதுவிட்டாள். அந்த அழுகையின் தொடக்கத்தை வெட்டி, ஆனந்தக் கண்ணீர் மாதிரி தெரிய வைத்து, பின்னால் மணியோசை சேர்த்தது நான்தான்.

சாமான் இருந்த இன்னொரு பெட்டி பெரியம்மாவுக்கு. அதில் பட்டுச் சேலை. "என் துணைவியாருக்கு இந்த எளியவனின் சிறிய அன்பளிப்பு" என்று அவர் நீட்ட, பெரியம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் என்றாள். படம் எடுத்து முடிந்ததும் அவள் தரையில் ஒரு போர்வையை விரித்து, கடைக்காரன் போட்ட மடிப்பிலேயே சேலையைத் திரும்ப மடித்தாள். தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்த சபைக்காரர் ஒருவரிடம் காலையில் வாங்கி, சாயங்காலம் திருப்பிக் கொடுப்பதாக ஏற்பாடு. பட்டின் மடிப்பைக் கலைத்துவிட்டு மறுபடி கொண்டுவருவது லேசான வேலையில்லை. பெரியம்மா அச்சன்புதூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கட்டிக்கொடுத்த நாளிலிருந்து தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைப்பவள். துணி அவள் சொன்னதைக் கேட்கும். "கடைக்காரராலயே கண்டுபிடிக்க முடியாது. ஒங்க பெரியம்மை கை அப்படி" என்று பெரியப்பா என்னிடம் பெருமையாகச் சொன்னார். தான் கொடுத்த பரிசைத் தடயமில்லாமல் பிடுங்குவதற்கு மனைவியின் கைத்திறமையே உதவுகிறது என்பதில் அவருக்குக் கூச்சமே இல்லை.

இரண்டாவது வருஷம் மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை. கீழப்பாவூரில் தன் அக்கா மகள் கல்யாணம் வருகிறது, இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா என்று பெரியம்மா கேட்டாள். நான் லைட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை. உலக ஆசை மனுஷனை எங்கே கொண்டுபோய் விடும் என்று, நாற்காலியில் உட்கார்ந்து, கால் மணி நேரம் அவளுக்கு விளக்கினார். அவள் நின்றுகொண்டே கேட்டாள். பிறகு போர்வையை விரித்தாள்.

அவரை முழுக்க வேஷக்காரர் என்று தள்ளிவிட முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். படமெடுப்பதற்கு முன்னால் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்று ஜெபம் பண்ணுவார். ஒருமுறை கதவு திறந்து கிடந்தது. தனக்கு எழுதியிருந்த ஒரு நோயாளிப் பெண்ணின் பெயரைச் சொல்லி, குரல் உடைந்து மன்றாடிக்கொண்டிருந்தார். அங்கே கேமரா இல்லை, யாரும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தவர் என்னைப் பார்த்ததும் கேட்டார்: "காலிப் பெட்டிய ஒண்ணு ரெண்டு கூடப் போடுவமாலே?" இந்த இரண்டும் ஒரே மனிதருக்குள் எப்படி இடிக்காமல் இருந்தன என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. புரியாததால் மரியாதையும் வரவில்லை.

மூன்றாவது வருஷம், பார்ப்பவர்கள் நேரலையாகவே காட்டச் சொல்லிக் கேட்டார்கள் என்று, கிறிஸ்மஸ் அன்றே, கோயில் ஆராதனை முடிந்து வந்து மத்தியானம் வைத்துக்கொண்டார். மழை பெய்துகொண்டிருந்தது. அருவியில் தண்ணீர் அதிகம் விழுகிறது, குளிக்க விடவில்லை என்பதால் பஸ்களும் குறைவு. சத்தமில்லாமல் நடக்க கர்த்தர் கிருபை செய்தார் என்று அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னார். ரிப்பன் வெட்டுவதற்குப் பெரியம்மாவின் தையல் கத்திரியை எடுத்து மேசைமேல் வைத்திருந்தார். சேலை அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. பெரியம்மா வாங்கினாள். வழக்கம்போல மடியில் வைத்துக்கொள்ளவில்லை. பிரித்தாள். முனையைத் தேடி, சேலையோடு சேர்ந்து வருகிற ரவிக்கைத் துணி எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் நகத்தால் ஒரு கோடு போட்டாள். மேசையிலிருந்து கத்திரியை எடுத்தாள்.

"இத இப்பமே வெட்டிருதேன். அப்பதான் ஞாயித்துக்கிழமைக்குள்ள தச்சு முடிக்க முடியும்" என்றாள்.

பெரியப்பாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "பிறகு பார்த்துக்கொள்ளலாமே, அன்பே" என்றார். அவர் அவளை அன்பே என்று கூப்பிட்டு நாங்கள் யாரும் கேட்டதில்லை. அக்கா தலை குனிந்துகொண்டாள்.

"பிறகு எங்க நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா வெட்டினாள். கத்திரி பட்டில் ஓடுகிற சத்தம் அவள் தோளில் சேலையோடு குத்தியிருந்த மைக்கில் தெளிவாக விழுந்தது. ரவிக்கைத் துணியை வெட்டிவிட்டால் எந்தக் கடைக்காரனும் சேலையைத் திருப்பி எடுக்கமாட்டான். பெரியப்பா இடது கையை மேசைக்குக் கீழே இறக்கி, நிறுத்து நிறுத்து என்று எனக்குச் சைகை காட்டினார். நான் கத்திரியைக் கிட்டத்தில் காட்டினேன். அந்த மூன்று வருஷத்தில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

நேரலை முடிந்ததும் என்ன காரியம் பண்ணிவிட்டாய் என்று அவளிடம் கேட்டார். பெரியம்மா வெட்டிய துணியை நாலாக மடித்துக்கொண்டே, "சேலை தந்திய. வாங்கிக்கிட்டேன்" என்றாள். அவர் என் பக்கம் திரும்பி, நீ ஏன் நிறுத்தவில்லை என்றார். நெட் மெதுவாக இருந்தது, பட்டன் வேலை செய்யவில்லை என்று சொன்னேன். உண்மையைச் சொல்லும் தைரியம் அப்போதும் எனக்கு வரவில்லை. சேலைக்கான பணத்தை அவர்தான் கடையில் கட்டவேண்டி வந்தது. பெரியம்மா அந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதையே கட்டினாள்.

அவர் வெட்கப்பட்டிருப்பார் என்று நினைத்தால் நீங்கள் அவரை அறியாதவர்கள். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். பரிசு கிடைத்த நிமிஷத்திலேயே தைக்க உட்கார்ந்த அந்த அம்மாவின் எளிமை என்று எழுதித் தள்ளினார்கள். ஒரு வாரத்தில் பெரியப்பா சாட்சி வீடியோ ஒன்று போட்டார். கொடுத்த பரிசு பெட்டியில் தூங்கக் கூடாது, உடனே வெட்டித் தைத்து உடுத்து என்று தன் மனைவிக்குத் தானே சொல்லியிருந்ததாக அதில் பேசினார். அதையும் நான்தான் எடிட் செய்தேன். அதுவே கடைசி.

அடுத்த வருஷம் கல்யாண வேலை இருக்கிறது என்று சொல்லித் தப்பித்தேன். பெரியம்மா அவரிடம், பெட்டிக்குள் ஏதாவது இருந்தால் தன்னைக் கூப்பிடச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் போனை வைத்துத் தானே எடுத்துக்கொள்ளப் பழகினார். அம்மா எங்கே என்று பார்ப்பவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். கிறிஸ்மஸ் கழிந்து ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள் என்று நானும் போயிருந்தேன். பெரியம்மா முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், தன் துணைவியார் எழுந்து உட்காரக்கூட முடியாமல் படுத்திருப்பதாகவும், அவளுக்காக எல்லாரும் பாரத்தோடு ஜெபிக்க வேண்டும் என்றும் அவர் தழுதழுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன நோவுன்னு சொல்லுதாரு, கேளு" என்றாள்.

காதைக் கொடுத்துக் கேட்டேன். "இருதயமாம், பெரியம்மா."

"போன வாரம் மூட்டுன்னாரு" என்று சொல்லிவிட்டு எண்ணெயில் அடுத்ததைப் போட்டாள்.

அந்த நோய் இன்னும் குணமாகவில்லை. பார்ப்பவர்கள் விசாரித்துக்கொண்டே இருப்பதால் அவராலும் குணமாக்க முடியவில்லை. போன மாதம் பெரியம்மாவைப் பைக்கில் வைத்துத் தென்காசி மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். காய்க்கடை முன்னால் நடுவயசுப் பெண் ஒருத்தி ஓடிவந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தன் ஊர் சுந்தரபாண்டியபுரம் என்றாள். வீடியோவில் பார்த்த முகமாம். வந்தவளுக்கு ஒட்டிய கன்னம், கழுத்தெலும்பு தெரிந்தது. "ஆச்சி, எந்திரிச்சு நடமாடுதியளே, ஸ்தோத்திரம். ஒங்களுக்காக வெள்ளிக்கிழமதோறும் ஒரு வாய் தண்ணி குடிக்காம உபவாசம் இருக்கேன்" என்றாள். அன்று வெள்ளிக்கிழமை.

பெரியப்பாவை எந்த வருஷமும் ஒரு சொல் ஏசாத பெரியம்மா அன்றும் ஏசவில்லை. "எனக்கு ஒரு நோவும் இல்லம்மா. நீ வா, சாப்பிடு" என்றாள். அந்தப் பெண் தயங்கினாள். பெரியம்மா அவள் கையை விடாமல் எதிரே இருந்த ஓட்டலுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து இட்லி சொன்னாள். அப்போ ஐயா வீடியோவில் சொன்னதெல்லாம் என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள். பெரியம்மா தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். அந்தப் பெண் குடித்து முடிக்கும்வரை பெரியம்மா வேறு எங்கும் பார்க்கவில்லை.